தங்க நிற ஒமேகாவுக்கு 95,000 ரூபாவா? பழைய லேடீஸ் மணிக்கூட்டுக்கு விலை மதிப்பது எப்படி

கேள்வி (மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி): தங்கச்சியின் கலியாணத்துக்குப் பழைய பாணியில் ஒரு லேடீஸ் மணிக்கூடு வாங்க நினைக்கிறேன். மட்டக்களப்பு டவுணில் ஒரு குடும்பம் இரண்டு மணிக்கூடுகளை விற்கிறது. ஒன்று தங்க நிற ஒமேகா, கையால் முறுக்குவது. பின்பக்கம் 20 மைக்ரோன் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. முறுக்கினால் ஐந்தாறு மணித்தியாலம் ஓடி நின்றுவிடுகிறது. “தங்க ஒமேகா” என்று 95,000 ரூபா கேட்கிறார்கள். மற்றது டயலில் பெயர் அழிந்துபோன சின்ன மணிக்கூடு, ஓடவில்லை. மூடியின் உள்ளே 9 என்றும் 375 என்றும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு நங்கூரம். நகைக்கடையில் மெஷினைக் கழற்றிவிட்டுக் கேஸை மட்டும் நிறுத்தபோது 4.8 கிராம். 60,000 ரூபா சொல்கிறார்கள். ஒரு மணிக்கூட்டைக் கழுவி எண்ணெய் போட 8,500 ரூபா என்று கல்முனையில் திருத்துபவர் சொன்னார். இரண்டில் எதை, என்ன விலைக்கு வாங்கலாம்? வாப்பா 80களில் சவூதியிலிருந்து உம்மாவுக்குக் கொண்டுவந்த சீக்கோ 5 ஒன்றும் அலுமாரியில் கிடக்கிறது. அதற்கும் ஏதாவது பெறுமதி உண்டா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஒமேகாவுக்கு 95,000 கொடுக்க வேண்டாம். அதில் மூன்றிலொன்றைத் தாண்டுவதே எனக்குச் சம்மதமில்லை. பெயர் அழிந்த மணிக்கூட்டுக்குக் கேட்கும் 60,000 ஏறத்தாழ நியாயமான விலை. ஒன்று பெயரை வைத்து மதிக்கப்பட்டிருக்கிறது, மற்றது பெயர் இல்லாததால் மதிப்புக் குறைந்து நிற்கிறது.

ஆண்கள் கட்டும் பழைய ஒமேகாவுக்கும் டிசோவுக்கும் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் கையில் கட்டத்தான் வாங்குகிறார்கள், அதற்கு 34, 35 மில்லிமீற்றர் அகலமாவது வேண்டும். லேடீஸ் மணிக்கூடு 20 மில்லிமீற்றர்கூட வராது. மெஷின் சிறிதாக இருப்பதால் திருத்துவது கடினம், கூலியும் குறைவதில்லை. அதனால் அதே கம்பனி, அதே வருடம், அதே தரம் என்றாலும் லேடீஸ் மணிக்கூடு ஆண்கள் மணிக்கூட்டின் விலையில் மூன்றிலொன்றுக்குப் போனாலே பெரிய காரியம். விற்பவர் யாரோ ஓர் ஆண்கள் ஒமேகா விற்ற விலையைக் கேள்விப்பட்டுவிட்டு இதற்கு விலை சொல்லியிருக்கலாம். இணையத்தில் பார்த்ததாகச் சொன்னால், அது ஒருவர் கேட்ட விலையா, விற்று முடிந்த விலையா என்று கேளுங்கள். கேட்கும் விலைக்கு வரம்பே இல்லை.

இப்போது அந்த 20 மைக்ரோன். அது தங்கக் கேஸ் அல்ல, பித்தளை போன்ற மலிவு உலோகத்தின் மேல் போட்ட தங்க முலாம். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணக்குப் பார்ப்போம். சின்ன லேடீஸ் கேஸின் வெளிப்பரப்பு தாராளமாக 6 சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 20 மைக்ரோன் என்றால் 0.002 சென்ரிமீற்றர். பெருக்கினால் 0.012 கன சென்ரிமீற்றர். 18 கரட் தங்கம் கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 15 கிராம். ஆக மொத்தம் 0.18 கிராம். அதைப் பிரித்தெடுக்கும் செலவே அதன் விலையை விடக் கூட. எந்த நகைக்கடையிலும் இதற்குத் தங்க விலை தரமாட்டார்கள்.

“உரைகல்லில் தேய்த்துக் காட்டுகிறேன், தங்கம் என்று தெரியும்” என்று சொல்வார்கள். தெரியத்தான் செய்யும். 20 மைக்ரோன் நல்ல கனமான முலாம், மேற்பரப்பைத் தேய்த்தால் கல்லில் தங்கக் கோடுதான் விழும். நகைக்கடைகளில் வைத்திருக்கும் எக்ஸ்ரே சோதனைக் கருவியும் மேலே உள்ள சொற்ப மைக்ரோன்களை மட்டுமே வாசிப்பதால் ஏமாறும். ஆகவே கேஸின் உட்புறத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்கு மிகச் சுலபமான இடம், வார் மாட்டும் நான்கு கால்களின் முனைகள். வியர்வையும் சட்டைக் கையும் படும் இடம் என்பதால் முலாம் முதலில் அங்கேதான் தேயும். உள்ளிருக்கும் வெளிறிய மஞ்சளோ சாம்பல் நிறமோ எட்டிப் பார்க்கும். பின்மூடி மட்டும் வெள்ளையாக ஸ்டீலில் இருந்தாலும் முன்பக்கம் முலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். “10 வருட உத்தரவாதம்”, “20 வருட உத்தரவாதம்” என்று கேஸுக்குள் எழுதியிருப்பதைக் கண்டு மயங்குகிறவர்களும் உண்டு. அது தங்கத் தகடு ஒட்டிய ரோல்ட் கோல்ட் கேஸ்களில் போடுவது. முழுத் தங்கத்துக்கு வருடக் கணக்கில் உத்தரவாதம் எதற்கு?

அசல் தங்கக் கேஸில் சுத்தத்தின் அளவே இலக்கமாக இருக்கும்: 750 என்றால் 18 கரட், 585 என்றால் 14 கரட், 375 என்றால் 9 கரட். சுவிஸ் கேஸில் இவற்றோடு 18 கரட்டுக்கு ஒரு பெண்ணின் தலையும் 14 கரட்டுக்கு ஓர் அணிலும் சிறு முத்திரையாக இருக்கும். 1995 முதல் இரண்டுக்கும் பொதுவாக நாய்த்தலை முத்திரை வந்தது. பிரித்தானிய முத்திரையில் நங்கூரம் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையைக் குறிக்கும். அங்கேயே வெளிநாட்டிலிருந்து வந்த கேஸைச் சோதித்திருந்தால் நங்கூரத்துக்குப் பதில் முக்கோணம் போட்டிருப்பார்கள். நீங்கள் நங்கூரம் என்று எழுதியிருப்பதால் கேஸ் இங்கிலாந்தில் செய்தது. அந்தக் காலத்தில் சுவிஸ் மெஷினை இறக்கி அங்கே செய்த 9 கரட் கேஸில் போட்டு விற்பது வழக்கம். மெஷினில் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டயலில் அழிந்த பெயர் அங்கே அழியாமல் இருக்கலாம்.

சரி, கேஸின் தங்கத்துக்கு விலை. நம் பக்கத்தில் எல்லாம் 22 கரட் பவுணில் பேசுவதால் அதற்கே மாற்றுவோம். 4.8 கிராமை 375 ஆல் பெருக்கி, 22 கரட்டின் இலக்கமான 917 ஆல் வகுத்தால் 1.96 கிராம் வரும். 22 கரட்டில் அவ்வளவு தங்கம் என்று அர்த்தம். பவுண் 8 கிராம், ஆகவே இது கால் பவுணுக்கு மயிரிழை குறைவு. பவுண் ஒன்று 3 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டால் 73,600 ரூபா. நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள், ஏனென்றால் பவுண் ஏறினால் இறங்கினால் முழுக் கணக்கும் மாறும்.

ஆனால் 73,600 உங்கள் கைக்கு வராது. 9 கரட்டை இங்கே யாரும் நகையாகக் கேட்பதில்லை, உருக்கிச் சுத்தப்படுத்தினால்தான் கடைக்காரருக்குப் பயன். 15 முதல் 20 வீதம் வரை கழித்துத்தான் எடுப்பார்கள். அப்படியென்றால் 59,000 முதல் 62,500 ரூபா. கேட்கும் 60,000 இதற்குள்தான் இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் உங்கள் காசு பெரும்பாலும் கேஸிலேயே இருக்கும். ஒமேகாவில் அந்தப் பிடிமானம் இல்லை.

நிறுத்த விதத்தில் ஒரு விஷயத்தை மட்டும் உறுதிப்படுத்துங்கள். கண்ணாடியையும் வார் மாட்டும் ஊசிகளையும் கழற்றிவிட்டு நிறுத்தார்களா? கண்ணாடியும் ஊசிகளும் சேர்ந்து 0.3 கிராம் கூடினால் மேலே சொன்ன விலையில் 4,600 ரூபா பிழைக்கும். 375 முத்திரை மூடியில் மட்டுமா, கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்வளையத்திலும் நடுக்கேஸிலும் உண்டா என்றும் பார்க்க வேண்டும். பழைய கேஸ் உடைந்தபோது முன்வளையத்தை வேறு உலோகத்தில் மாற்றிய மணிக்கூடுகள் உண்டு.

இனி அதன் மெஷின். ஓடாத மணிக்கூட்டில் என்ன பழுது என்பதை மூடியைத் திறக்கும் முன்னமே கிரவுண், அதாவது பக்கத்தில் உள்ள முறுக்கும் குமிழ், ஓரளவு சொல்லிவிடும். முறுக்க முறுக்கத் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மணிக்கூட்டை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் உடைந்திருக்கும். பழைய நீலநிற ஸ்பிரிங்குகளுக்கு இது சாதாரணம், பெரிய செலவில்லை. நன்றாக முறுகி இறுகி நின்றும் ஓடவில்லை என்றால் எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும், அல்லது துரு. கிரவுண் அசையவே இல்லை என்றால் துருவை முதலில் சந்தேகியுங்கள். திருத்துபவர் உங்கள் முன்னால் மூடியைத் திறக்கும்போது, ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரத்தைப் பாருங்கள். மணிக்கூட்டை மெதுவாகத் தட்டையாகச் சுழற்றினால் அது தயங்காமல் இரு பக்கமும் ஆடி மெல்ல அடங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தாலோ தள்ளாடினாலோ அதன் அச்சின் முனை உடைந்திருக்கும். மயிரளவு முனை அது. அதிர்ச்சி தாங்கும் இன்காபுளொக் போன்ற அமைப்பு 1930களிலேயே வந்துவிட்டாலும் சின்ன லேடீஸ் மெஷின்கள் பல அது இல்லாமலே நெடுங்காலம் வந்தன. ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தால் போதும்.

அச்சு உடைந்திருந்தால் 8,500 ரூபாவில் வேலை முடியாது. புது அச்சு போட்டுச் சமன்செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள், கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம். மெஷினின் கீழ்த்தட்டில், பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில், கேடயத்துக்குள் ஏ.எஸ். என்றோ, எஃப்.எச்.எஃப்., ஈட்டா என்றோ செய்தவரின் குறியும் ஓர் இலக்கமும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மெஷின்களை எத்தனையோ கம்பனிகள் தங்கள் பெயரில் போட்டு விற்றதால், அதே இலக்கமுள்ள இன்னொரு பழைய மெஷினை வாங்கி உதிரிப்பாகம் எடுப்பது பெரும்பாலும் மலிவு.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் மற்ற ஊர்க்காரர் எழுதும் விலை ஆலோசனையில் இது ஒரு வரியோடு போய்விடும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் உப்புக் காற்று கிரவுண் பக்கத்தால்தான் உள்ளே போகும். அதனால் முதலில் துருப்பிடிப்பது கிரவுண் தண்டும், முள் மாற்றும் இடத்தில் உள்ள சின்ன ஸ்டீல் நெம்புகளும். இவை டயலுக்குக் கீழே இருக்கின்றன. மூடியைத் திறந்து மெஷின் பளபளக்கிறது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது, கிரவுண் தண்டை வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் செம்மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் டயலையும் கழற்றிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். 2004 கடல் பொங்கியபோதோ மாரி வெள்ளத்திலோ மணிக்கூடு நனைந்ததா என்று நேரே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே இருந்து ஸ்டீலைத் தின்னும், வருடங்கள் கழித்துத் திறந்தால் சக்கரப் பற்களில் குழிகள் இருக்கும். பித்தளைப் பகுதிகளில் பச்சை படிந்திருப்பதும் டயலின் ஓரம் அலையலையாகக் கறுத்திருப்பதும் அதன் அடையாளம். அப்படி நனைந்த ஒமேகாவை 5,000 ரூபாவுக்கும் எடுக்க வேண்டாம். நனைந்த 9 கரட் மணிக்கூட்டின் கேஸுக்கு ஒன்றும் ஆகாது, தங்க விலைக்கே எடுக்கலாம், மெஷினுக்குப் பூச்சியம் போடுங்கள்.

ஒமேகாவுக்கு வருவோம். ஐந்தாறு மணித்தியாலம் ஓடி நிற்கிறது என்றீர்கள். முழுதாக முறுக்கினீர்களா? கூட முறுக்கினால் உடைந்துவிடும் என்ற பயத்தில் பலர் ஏழெட்டு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள். கையால் முறுக்கும் மணிக்கூட்டை, கிரவுண் இறுகித் தானாக நிற்கும் வரை முறுக்க வேண்டும், 20, 25 தடவை ஆகலாம். அப்படி முறுக்கி, டயல் மேலே பார்க்க ஒரு நாள், டயல் கீழே பார்க்க ஒரு நாள், கிரவுண் கீழே இருக்க நிறுத்தி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ளது ஒரு முறுக்கலில் 36 மணித்தியாலத்தைத் தாண்டும். இந்த அளவு சின்ன மெஷின் சேர்விஸ் செய்த பிறகு நாளொன்றுக்கு ஒரு நிமிடம் முன்பின் போனால் குறை சொல்ல வேண்டியதில்லை. படுக்க வைத்தால் ஓடி, நிமிர்த்தினால் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, அல்லது அச்சு முனை தேய்ந்திருக்கிறது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கக்கூடும். கைப்பையின் காந்தப் பொத்தானே அதற்குப் போதும், திருத்துபவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

திறந்த மெஷினில் ஒமேகாவின் பெயரும், கலிபர் இலக்கமும் (மெஷினின் வகையைக் குறிப்பது), ஏழு அல்லது எட்டு இலக்கத் தொடர் எண்ணும் இருக்க வேண்டும். தொடர் எண் 20 மில்லியனில் தொடங்கினால் ஏறத்தாழ 1963, 25 மில்லியன் என்றால் 1967. மூடியின் உள்ளே இருக்கும் மாதிரி இலக்கம் 1960களின் தொடக்கத்துக்குப் பிந்தியதில் 511 என்று தொடங்கினால், லேடீஸ், கையால் முறுக்குவது, செக்கன் முள் இல்லாதது. 1 என்று தொடங்கினால் ஆண்கள் கேஸின் மூடி, எங்கேயோ பொருந்தாமல் சேர்ந்திருக்கிறது. மூடியில் ஒரு காலம், மெஷினில் இன்னொரு காலம் என்றாலும் அப்படித்தான். பெயரே இல்லாத மெஷின் என்றால் அது ஒமேகா டயல் ஒட்டிய வேறேதோ ஒன்று.

டயலைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பாருங்கள். இந்தியாவில் புதிதாக வர்ணம் அடித்து எழுத்துப் போட்ட டயல்களோடு ஏராளமான ஒமேகாக்களும் ஃபாவ்ர் லூபாக்களும் சுற்றுகின்றன. அசல் டயலில் எழுத்தின் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். திரும்ப அடித்ததில் எழுத்து தடித்துப் பரவியிருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேரே வராது, அடியில் உள்ள “ஸ்விஸ் மேட்” கோணிப்போயிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. 50 வயது மணிக்கூட்டின் டயல் நேற்று அச்சிட்டது போல் பளிச்சென்று இருந்தால், முட்களும் அதே அளவு புதிதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். லேசாக மஞ்சளித்த அசல் டயல், புதுக்கிய டயலை விட மதிப்புக் கூடியது. இதை விற்பவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள்.

என் மதிப்பு இப்படி. அசல் டயலும் ஒமேகா குறியுள்ள கிரவுணும் முலாம் தேயாத கேஸும் இருந்து, சேர்விஸ் செய்து சரியாக ஓடும் நிலையில் இதற்கு 45,000 ரூபா உச்சம். சேர்விஸுக்கு 8,500 கழித்தால் 36,500. உள்ளே தெரியாத பழுதுக்கு ஐந்திலொரு பங்கைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது 29,200. எனவே 30,000ஐத் தாண்ட வேண்டாம். டயல் புதுக்கியது என்று தெரிந்தால் உச்சத்தையே 25,000க்கு இறக்கி அதே கழிவுகளைச் செய்யுங்கள், 13,000 ரூபாதான் வரும். கால்களில் முலாம் தேய்ந்திருந்தால் இன்னும் குறையும், ஏனென்றால் மீண்டும் முலாம் பூசினால் மூலைகள் மழுங்கிவிடும், சேகரிப்பவர் தொடமாட்டார். 95,000க்கும் 30,000க்கும் இடையில் பேரம் பேசி முடிக்க முடியாது. மரியாதையாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

9 கரட்டுக்கு 55,000இல் பேச்சைத் தொடங்கி 60,000இல் நிற்கலாம். பேலன்ஸ் அச்சு உடையாமல் இருந்தால் சேர்விஸோடு 70,000க்குள் ஓடும் தங்க மணிக்கூடு கிடைக்கும். அச்சு உடைந்திருந்தால், ஓட வைக்கும் செலவு கூடும் என்பதால் 50,000க்கு மேல் போக வேண்டாம். தங்கச்சி அதை நாளாந்தம் கட்டுவாரா என்பதையும் யோசியுங்கள். இந்த வயது மணிக்கூட்டுக்குத் தண்ணீர்க் காப்பே கிடையாது. வுழூ எடுக்கும்போதும் சமையலறையிலும் கழற்றி வைக்கும் பழக்கம் இல்லையென்றால் ஒரு மாரி தாங்காது. கலியாணம், பெருநாள் என்று கட்டுவதற்குச் சரி. மெல்லிய தோல் வார் போடுங்கள். தங்க முலாம் ஸ்பிரிங் செயின் போட்டால் அது 9 கரட்டின் மெல்லிய கால்களை அறுத்துவிடும்.

மூடியைச் சமையலறைக் கத்தியால் யாரும் நெம்ப விடாதீர்கள், ஓரத்தில் விழும் கீறல் விலையைக் குறைக்கும். வாங்கும்போது விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், மூடியில் உள்ள இலக்கங்கள், திகதி, தொகை எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திட்ட துண்டு ஒன்று வைத்திருங்கள். பிறகு தங்கத்தை விற்கப் போனால் கடையில் முதலில் கேட்பது அதைத்தான்.

உம்மாவின் சீக்கோ: பின்மூடியில் உள்ள ஆறு இலக்கத் தொடர் எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்ரோபருக்குப் பூச்சியம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் மட்டும் எழுத்துகள். 83 என்று தொடங்கினால், வாப்பா போன காலத்தை வைத்துப் பார்க்க, 1988 மார்ச். விற்கப் போனால் சேர்விஸுக்குக் கொடுக்கும் 8,500 ரூபாகூடத் திரும்பி வராது. இதைப்போல் ஆயிரக்கணக்கில் வளைகுடாவிலிருந்து வந்தன. ஆனால் ஒட்டோமேட்டிக், அதிர்ச்சி தாங்கும், கல்முனையிலேயே திருத்தலாம். உம்மா சம்மதித்தால், தங்கச்சி நாளாந்தம் கட்டுவதற்கு அதைச் சேர்விஸ் செய்து கொடுங்கள்.